ஒரே தெரு, நான்கு கார்டு

பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டியிருக்கும் ஜீவனஹள்ளியில் ஏதாவது ஒரு கிராஸுக்குள் நுழையுங்கள். பழைய ஓட்டு வீடும் புது மூன்று மாடிக் கட்டடமும் இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு வாசலில் தமிழ், அடுத்த வாசலில் கன்னடம், அதற்கடுத்து தக்கினி உருது காதில் விழும். கீழ் வீட்டில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண் இருந்தால் அவர் கையில் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கும். மேல்மாடி பி.ஜி.யில் தங்கியிருக்கும் ஐ.டி. பையனுக்குக் கம்பெனியே இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கும். எதிர்வீட்டில், நாலு வீட்டில் பாத்திரம் கழுவிப் பிழைக்கும் அம்மாவிடம் பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) ரேஷன் கார்டு. அதை வைத்து ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பக்கத்திலேயே பெட்டிக்கடை வைத்திருப்பவர் ஏ.பி.எல்., அதாவது கோட்டுக்கு மேல். அவருக்கும் அரசு உதவி உண்டு. ஆனால், அரசு நிர்ணயித்த சிகிச்சைத் தொகையில் முப்பது சதவீதம்தான் அது, ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகாது. மீதியை அவர்தான் புரட்ட வேண்டும்.

இந்த நாலு பேருக்கும் ஒரே நாளில் உடம்பு முடியாமல் போனால் நாலு ஆட்டோ நாலு பக்கம் போகும். ஒன்று இந்திராநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு. ஒன்று கம்பெனி பாலிசியின் பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்கு. ஒன்று சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரிக்கு. கடைசி ஆட்டோ முதலில் ஏ.டி.எம். வாசலில் நிற்கும், அப்புறம் அடகுக் கடை வாசலில்.

ஐந்தாவதாக ஒருவரும் இந்தத் தெருவில் உண்டு. பிழைப்புக்காகத் தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து பல வருஷமாகியும் ரேஷன் கார்டை ஊரிலேயே விட்டுவைத்திருப்பவர். அவர் பேர் கர்நாடகப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பேர் இருக்கும். ஆனால், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலில் உள்ள குடும்பத்துக்குத்தான் எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறும் வசதி. மாநிலம் தன் சொந்தப் பணத்தில் சேர்த்துக்கொண்ட குடும்பம் என்றால், வலியோடு ஓசூருக்கோ வேலூருக்கோ பஸ் ஏற வேண்டியதுதான்.

இந்தக் கோடுகளைப் போட்டது மருத்துவம் இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு அரசும் ஒரு தேர்தலும் இருக்கின்றன.

பெயருக்கு நடந்த சண்டை

கர்நாடகத்தின் காப்பீட்டுக் கதை யஷஸ்வினியில் தொடங்குகிறது. எஸ்.எம். கிருஷ்ணா முதல்வராக இருந்தபோது, இதய அறுவை நிபுணர் தேவி ஷெட்டியின் யோசனையில் உருவாகி, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக உள்ள விவசாயி ஆண்டுக்கு 60 ரூபாய் கட்டினால் அறுவைச் சிகிச்சை இலவசம். மாதத்துக்கு ஐந்து ரூபாய்! அரசும் தன் பங்கைப் போட்டது. கூட்டுறவுச் சங்கம் என்ற ஏற்கெனவே இருந்த அமைப்பின் மேல் ஏறி நின்றதால் திட்டம் வேகமாகப் பரவியது. நகரத்துக் கூலிக்காரருக்கு அதில் இடமில்லை.

2010-ல் எடியூரப்பாவின் பா.ஜ.க. ஆட்சியில் வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீ வந்தது. முதலில் குல்பர்கா பகுதியில் மட்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு இதயம், புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகளை இலவசமாகத் தந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியை நடுவில் வைக்காமல், சுவர்ண ஆரோக்ய சுரக்ஷா டிரஸ்ட் என்ற அரசு டிரஸ்டே மருத்துவமனைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. அடுத்து காங்கிரஸ் வந்தது. ஏ.பி.எல். குடும்பங்களுக்கு ராஜீவ் ஆரோக்ய பாக்யா, விபத்தில் அடிபட்டவர்களுக்கு ஹரீஷ் சாந்த்வனா என்று வரிசையாக வந்தன. ஒரே டிரஸ்ட் அலுவலகத்தில் வாஜ்பாய் பெயரில் ஒரு கோப்பும் ராஜீவ் பெயரில் ஒரு கோப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நோயாளி எந்தக் கோப்பில் வருவார் என்பதை அவருடைய ரேஷன் கார்டின் வகை தீர்மானித்தது.

இவற்றையெல்லாம் ஒன்றாக்கி 2018 மார்ச் 2-ஆம் தேதி சித்தராமையா அரசு 'ஆரோக்ய கர்நாடகா'வைத் தொடங்கியது. இரண்டே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் பிரதமர் மோடி ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல். ஆயுஷ்மானில் குடும்பத்துக்கு ஐந்து லட்சம். குமாரசாமியின் கூட்டணி அரசு அக்டோபர் கடைசியில் இரண்டையும் இணைத்தது. பெயரையும் இணைத்தார்கள். பிறகு மேலும் திருத்தி, பிரதமருக்கும் இடம், முதலமைச்சருக்கும் இடம் என்று 'ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன ஆரோக்ய – முக்கிய மந்திரி ஆரோக்ய கர்நாடகா' என்று ஆக்கினார்கள். மூச்சுத்திணறல் உள்ள நோயாளி இந்தப் பெயரைச் சொல்லி அட்மிஷன் கேட்க முடியாது. ஜனங்கள் 'ஆயுஷ்மான் கார்டு' என்று சுருக்கிவிட்டார்கள். அதில் மாநில அரசுக்கு உள்ளூர ஒரு வருத்தம்.

வருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆயுஷ்மானுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்பது பங்கீடு. ஆனால், 2011-ஆம் ஆண்டு சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி தேர்வான குடும்பங்களுக்கு மட்டும்தான் அந்த 60. கர்நாடகத்தில் அப்படித் தேர்வானவை சுமார் 62 லட்சம் குடும்பங்கள். அதுவும் முழுச் செலவில் 60 இல்லை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஓர் உச்சவரம்பு வைத்து, தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 1,052 ரூபாய், அதில்தான் 60 சதவீதம். ரேஷன் கார்டு உள்ள மற்ற குடும்பங்களின் செலவு முழுக்க மாநிலத்தின் தலையில். 'பணம் எங்களது, படம் அவர்களது' என்பதுதான் காங்கிரஸ் அமைச்சர்களின் குரலுக்குள் ஓடும் புகார். சுகாதார அமைச்சராக தினேஷ் குண்டுராவ் இதைப் பலமுறை பேசியிருக்கிறார். 2024 அக்டோபர் 29-ல், வருமானம் எதுவானாலும் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் ஆயுஷ்மான் என்று மத்திய அரசு விரித்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது: அறிவிப்பு உங்களுடையது, பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு? பா.ஜ.க. தரப்பு, முதியவர்களுக்குக் கிடைக்க வேண்டியதை மாநிலம் தடுக்கிறது என்றது. ஜீவனஹள்ளியில் முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பாட்டிக்கு இந்த இரண்டு வாதமும் வலி மாத்திரை ஆகாது.

இந்தப் பெயர் அரசியலில் கர்நாடகம் தனியாக இல்லை. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் அது போனது. 2012 ஜனவரியில் ஜெயலலிதாவின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ராஜஸ்தானில் அசோக் கெலாட் சிரஞ்சீவி திட்டத்தின் தொகையை 25 லட்சம் வரை ஏற்றினார். 2023 டிசம்பரில் தோற்றார். அடுத்த அரசு பெயரை மாற்றியது. ஒடிசாவும் டெல்லியும் ஆயுஷ்மானுக்குள் வராமல் பல வருஷம் வெளியே நின்றன. இரண்டிலும் பா.ஜ.க. ஆட்சி வந்த பிறகு 2025-ல் சேர்ந்தன.

ஒரு நல்ல விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பெயர் மாறினாலும் திட்டத்தை எடுத்தெறியும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் இல்லை. இருபது ஆண்டில் இது இந்திய அரசியலில் நிலைத்துவிட்ட ஒரு உரிமை.

உரிமை என்று சொல்லத் தயங்குகிறவர்களுக்கு ஓர் ஆதாரம். வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீ பாதி மாநிலத்தில் மட்டும் இருந்த காலத்தில், திட்ட எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த கிராமங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏழைக் குடும்பங்களில் இறந்தோர் திட்டம் இல்லாத பக்கத்தில் 0.90 சதவீதம், இருந்த பக்கத்தில் 0.32 சதவீதம். மருத்துவமனைகள் கிராமங்களுக்கே போய் முகாம் போட்டு நோயாளிகளைக் கண்டுபிடித்து அழைத்து வந்ததும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். அரசுக் காப்பீடு வீண் செலவு என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

2017 நவம்பர்

ஆனால், கர்நாடகத்தின் காப்பீட்டு வரலாற்றில் முக்கியமான மாதம் எந்தத் திட்டமும் தொடங்கிய மாதம் இல்லை. 2017 நவம்பர்.

அந்த ஆண்டு ஜூனில், அப்போதைய சுகாதார அமைச்சர் கே.ஆர். ரமேஷ்குமார் ஒரு மசோதா கொண்டுவந்தார். 2007-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம். தனியார் மருத்துவமனைகளில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று அரசு நிர்ணயிக்கும். நோயாளிகளின் உரிமைகள் எழுத்தில் வரும். மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்க்கும் குழு. மீறினால் அபராதம், சிறை. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி விக்ரம்ஜித் சென் தலைமையிலான குழு பரிந்துரைகள் கொடுத்திருந்தது. அதையும் தாண்டிப் போனது ரமேஷ்குமாரின் மசோதா.

தனியார் மருத்துவர்கள் கொதித்தார்கள். சிறைத் தண்டனை என்ற சொல் அவர்களை ஒன்றாகச் சேர்த்தது. பெரிய கார்ப்பரேட் மருத்துவமனையும் தெருமுனை கிளினிக்கும் ஒரே பக்கம் நின்றன. நவம்பர் நடுவில், பெலகாவியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது, மாநிலம் முழுக்கப் புறநோயாளிப் பிரிவுகள் மூடப்பட்டன. அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டம் நெரிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டது. சித்தராமையா மருத்துவர்களைச் சந்தித்துப் பேசினார். மசோதா அதே கூட்டத்தொடரிலேயே நிறைவேறியது, பல் பிடுங்கப்பட்ட பிறகு. கட்டண நிர்ணயம் அரசுத் திட்டங்களில் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. கைக்காசு கொடுப்பவரிடம் எவ்வளவு வாங்குவது என்பது பழையபடி மருத்துவமனையின் விருப்பம்.

அன்றைக்கு நடந்ததன் பலனைத்தான் நம் பெட்டிக்கடைக்காரர் இன்றும் அனுபவிக்கிறார். அரசு ஒரு சிகிச்சைக்கு ஒரு தொகை வைத்திருக்கிறது, அதில் முப்பது சதவீதம் அவருக்குத் தருகிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அதை வாங்குவது என்பதிலும் அரசின் விதி இருக்கிறது. திட்டத்துக்கு வெளியே அவர் ஓர் அடி வைத்தால் கட்டணத்துக்கு எந்த உச்சவரம்பும் இல்லை. கம்பெனி பாலிசி வைத்திருக்கும் பையனுக்கும் இதே நிலைதான், அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. மருத்துவமனைக் கட்டணம் ஏறினால் கிளெய்ம் ஏறும், கிளெய்ம் ஏறினால் அடுத்த வருஷப் பிரீமியம் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வரவேற்க வேண்டியதுதான். புது பாலிசி எடுக்க இருந்த 65 வயது வரம்பை 2024 ஏப்ரலில் எடுத்ததும் நல்லதே. ஆனால், கட்டணத்தைத் தொடாமல் வரியை மட்டும் எடுத்தால் அந்தச் சலுகையைப் பிரீமிய ஏற்றம் சீக்கிரமே தின்றுவிடும்.

கட்டணத்தை நிர்ணயிப்பது நடக்காத காரியம் என்பார்கள். 2020 ஜூனில் நடந்தது. கோவிட் காலத்தில் எடியூரப்பா அரசு, தனியார் மருத்துவமனைகள் பாதிப் படுக்கைகளை அரசு அனுப்பும் நோயாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அவர்களுக்குப் பொது வார்டு நாளொன்றுக்கு 5,200 ரூபாய், வென்டிலேட்டருடன் ஐ.சி.யூ. 10,000 ரூபாய். சொந்தப் பணத்தில் வருகிறவர்களுக்கும் உச்சவரம்பு வைத்தது: பொது வார்டு 10,000, வென்டிலேட்டர் ஐ.சி.யூ. 25,000. மீறி வாங்கியவர்கள் இருந்தார்கள், புகார்களும் வந்தன. ஆனாலும், 2017-ல் முடியாது என்று கைவிட்டதை மூன்றே ஆண்டில் வேறொரு கட்சியின் அரசு ஒரே ஆணையில் செய்தது. பேரிடர்ச் சட்டம் கையில் இருந்ததால் முடிந்தது என்றால், சட்டம் இருந்தால் முடியும் என்றுதானே அர்த்தம்?

கனடாவின் சாஸ்கச்சவான் மாநிலத்தில் 1962 ஜூலை 1-ஆம் தேதி கர்நாடகத்தின் 2017 நவம்பர் போன்ற காட்சி. அரசு எல்லோருக்கும் பொது மருத்துவக் காப்பீடு கொண்டுவந்த அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தம். அரசு பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்துச் சமாளித்தது. இருபத்துமூன்று நாள் கழித்து ஒப்பந்தம். மருத்துவர்கள் தனியாகத் தொழில் நடத்தும் சுதந்திரம் அவர்களுக்கே விடப்பட்டது, பொதுக் காப்பீடு நிலைத்தது. அன்றைய மாநில முதல்வர் உட்ரோ லாயிட் 1964 தேர்தலில் தோற்றார், திட்டம் தோற்கவில்லை. 1966-ல் நாடு முழுமைக்குமான சட்டமாக அது மாறியது. ராஜஸ்தானில் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் வந்தபோதும் டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு கொடுத்துச் சமரசம். இந்தியாவில் இரண்டு முறையும் அரசு எதை விட்டுக்கொடுத்தது என்று பாருங்கள்.

மருத்துவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அரசுத் திட்டத்தில் தரும் தொகை கட்டுப்படியாகவில்லை, அதுவும் மாதக்கணக்கில் இழுத்துத்தான் வருகிறது என்ற புகார் பல மாநிலங்களில் எழுகிறது. சின்ன நர்சிங் ஹோம்கள் அதனாலேயே திட்டத்துக்குள் வரத் தயங்குகின்றன. விலையைக் கட்டுப்படுத்துகிற அரசு தன் பாக்கியை நேரத்தில் அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் டாக்டர்களைத் திருடர்கள் என்று மேடையில் பேசுவது கைதட்டல் வாங்கத்தான் உதவும்.

பௌரிங் வழியாக

பி.பி.எல். கார்டு இருந்தால் நேராகப் பெரிய தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கர்நாடகத்தில் அப்படி இல்லை. முதலில் அரசு ஆஸ்பத்திரி. அங்கே அந்தச் சிகிச்சைக்கு வசதி இல்லையென்றால்தான் ரெஃபரல் கொடுப்பார்கள், அதை வைத்துத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். தொடக்கத்தில் திட்டத்தில் இருந்த சுமார் 1,650 சிகிச்சைகளில் 169 மட்டும் அவசரச் சிகிச்சைகள் என்று குறிக்கப்பட்டன. அவற்றுக்கு ரெஃபரல் வேண்டாம்.

இந்த விதியைத் திட்டுகிறவர்கள் அதிகம். எனக்கு அதன் நோக்கம் சரியென்றே படுகிறது. அரசுப் பணம் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குள் சுழன்றால் அந்த ஆஸ்பத்திரி வளரும். எல்லோரையும் தனியாரிடம் அனுப்பிவிட்டால் பௌரிங்கில் மிஞ்சுவது பழைய கட்டடம் மட்டும்தான். தாய்லாந்து 2001–02-ல் 30 பாட் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு முன்பே மாவட்ட மருத்துவமனைகளைக் கட்டி முடித்திருந்தது. கார்டு கொடுத்ததும் போக ஓர் இடம் இருந்தது. இலங்கை கார்டே கொடுக்கவில்லை. 1951-ல் அரசு மருத்துவமனைக் கட்டணத்தை எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

நோக்கம் சரி, நடப்பதுதான் கோணல். ரெஃபரல் சீட்டுக்காக ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும். எந்தப் பிரிவு எந்த மாடியில் என்று சொல்ல ஆள் வேண்டும். 'ஆரோக்ய மித்ரா' என்ற பெயரில் அதற்கென்றே ஊழியர்கள் உண்டு, ஆனால் கூட்டத்துக்கு எண்ணிக்கை போதாது. கன்னடமும் எழுத்தும் தடுமாறும் தமிழ்க் கூலித் தொழிலாளிக்கு இந்த ஒரு சீட்டே மலை.

பௌரிங் சாதாரண இடமில்லை. 1860-களில் கன்டோன்மென்ட் ஜனங்களுக்காகத் தொடங்கப்பட்டு, இன்று மருத்துவக் கல்லூரியுடன் நிற்கிறது. ஜீவனஹள்ளியைச் சுற்றியுள்ள ஊரமைப்பே பொதுச் சுகாதாரத்தின் பிள்ளை என்று சொல்லலாம். 1898-ல் பெங்களூரில் பிளேக் புகுந்து கன்டோன்மென்டின் நெருக்கமான குடியிருப்புகளைச் சூறையாடியது. காற்றோட்டமும் அகலத் தெருவும் சாக்கடையும் உள்ள புதுக் குடியிருப்பு வேண்டும் என்று 1906-ல் ஃபிரேசர் டவுனுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றைய அரசு வெள்ளைக்கார அரசு, அதன் கவலையில் பாதி பட்டாளத்தைப் பற்றியது. இருந்தாலும் நோய் வந்ததும் அது செய்த வேலை தெரு போட்டதும் தண்ணீர் கொடுத்ததும்.

சர்க்கரை மாத்திரைக்குக் கார்டு இல்லை

ஐந்து லட்சம் என்ற எண் பெரியது. ஆனால், அது படுக்கையில் சேர்ந்தால்தான். ஜீவனஹள்ளிக் குடும்பத்தின் காசு மாதா மாதம் போவது சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் காய்ச்சலுக்குப் போகும் கிளினிக்குக்கும். இவை எதுவும் ஆயுஷ்மானில் வராது. மாத்திரை வாங்கக் காசில்லாமல் விட்ட சர்க்கரை நோயாளிக்கு, சிறுநீரகம் கெட்ட பிறகு டயாலிசிஸ் இலவசம். கணக்குத் தெரிந்த அரசு இப்படிச் செலவழிக்காது.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்களின் கைக்காசு 2013–14-ல் 64.2 சதவீதம். 2021–22-ல் 39.4. நல்ல இறக்கம்தான், ஆனாலும் பத்து ரூபாய்க்கு நாலு ரூபாய் இன்னும் மடியிலிருந்து போகிறது. அதே ஆண்டு அரசுகளின் மருத்துவச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை எழுதிவைத்தது.

இந்தத் தெருவிலேயே புறநோயாளிச் சிகிச்சை, மருந்து, நோயில் விடுப்பெடுத்த நாளுக்குச் சம்பளம் எல்லாம் சேர்த்துத் தரும் கார்டு ஒன்று இருக்கிறது. மிகப் பழையது. 1948-ல் சட்டமாகி 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ.தான் அது. தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியிடமிருந்து 3.25 சதவீதம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 70 சதவீதக் கூலி, ஆண்டுக்கு 91 நாள் வரை. குடும்பத்துக்கும் வைத்தியம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரிசையைத் திட்டாத கார்மெண்ட்ஸ் தொழிலாளி கிடையாது, அந்தத் திட்டு நியாயமானதும்கூட. ஆனால், சட்டம் என்ற அளவில் பார்த்தால் எழுபது வருஷத்துக்குப் பின் வந்த ஆயுஷ்மானைவிட அது முழுமையானது. வேலையோடும் சம்பளத்தோடும் கட்டப்பட்டிருப்பதுதான் அதன் குறை. 2017 ஜனவரி முதல் சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஓவர்சியர் ஆகி அதைத் தாண்டினால் கார்டு போய்விடும். பி.பி.எல். கார்டுக்கோ ஆண்டு வருமானம் 1,20,000 தாண்டக் கூடாது. பெங்களூரில் இரண்டு பேர் கூலிக்குப் போகும் எந்த வீடு மாதம் பத்தாயிரத்துக்குள் வாழ்கிறது? இரண்டு வரம்புக்கும் நடுவில் விழுகிறவர்கள்தான் இந்த நகரத்தின் பெரும்பாலான உழைப்பாளிகள்: ஆட்டோ ஓட்டுநர், பெயின்டர், கேட்டரிங் ஆள், டெலிவரி பையன். டெலிவரி ஊழியர்களை ஆயுஷ்மானில் சேர்ப்போம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது.

2024 நவம்பரில் தகுதியில்லாத பி.பி.எல். கார்டுகளைக் களைகிறோம் என்று கர்நாடக அரசு இறங்கியபோது இந்தப் பயம் வெளியே தெரிந்தது. அரிசி போகுமே என்பதைவிட ஆஸ்பத்திரி போகுமே என்றுதான் பலர் பதறினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர் தவிர மற்றவர்களுக்குக் கார்டைத் திருப்பித் தருவோம் என்று சித்தராமையா இறங்கிவந்தார். போலிகளைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆயுஷ்மான் பட்டியலில் ஏழரை லட்சம் பேர் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் பதிவாகியிருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் காட்டினார். ஆனால், அரிசிக்கான கார்டையே ஆஸ்பத்திரிக்கும் சாவியாக வைத்தால் ஒரு தாசில்தார் ஆபீஸ் தவறு ஓர் உயிரில் போய் முடியும். இரண்டையும் பிரிப்பது அவசரம்.

வாசலுக்கு வரும் வைத்தியம் என்ற யோசனை தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவமாகத் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கர்நாடகம் 2024-ல் கோலாரில் கிருஹ ஆரோக்யா தொடங்கியது. அதற்கு முன், முதல்வர் பசவராஜ் பொம்மை ஆட்சியில் வார்டுக்கு ஒன்று என்று பெங்களூருக்கு 243 நம்ம கிளினிக் அறிவித்தார்கள். டாக்டர், நர்ஸ், இலவச மருந்து, பரிசோதனை. ஐந்து லட்சம் கார்டைவிட ஒரு தெருவின் உடல்நலத்தை அதிகம் மாற்றக்கூடியது இதுதான். விளம்பரம் குறைவு, ரிப்பன் வெட்டினால் கூட்டமும் குறைவு. டாக்டர் வரவில்லை, மருந்து இல்லை என்று யாரிடம் போய்க் கேட்பது? பெங்களூரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் வார்டுக்கு ஆளே இல்லை. நகரத்தின் அடிப்படைச் சுகாதாரம் உள்ளாட்சியின் கையில் இருக்கிறது, உள்ளாட்சியோ அதிகாரிகளின் கையில் இருந்தது.

என் கட்சி இதுதான்: கார்டு வேண்டும், வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீ வந்த கிராமங்கள் அதை நிரூபித்துவிட்டன. ஆனால், 2017-ல் கைவிட்ட கட்டண நிர்ணயத்தை அரசு திரும்ப எடுக்காதவரை, மாத்திரையும் பரிசோதனையும் திட்டத்துக்குள் வராதவரை, ஐந்து லட்சத்தைப் பத்து லட்சம் ஆக்கினாலும் லாபம் மருத்துவமனை கேஷ் கவுன்டருக்குத்தான். இதைச் செய்யும் பலம் மாநில அரசுக்கு உண்டு, டெல்லியைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

அதுவரை ஜீவனஹள்ளிவாசிகள் சில காரியங்களை உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்துவைக்கலாம். ரேஷன் கார்டில் வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் இருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஊர் கார்டு வைத்திருப்பவர்கள், உங்கள் குடும்பம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று 14555-ல் கேளுங்கள். கர்நாடகத் திட்டம் பற்றி 104-ல் கேட்கலாம். திட்டத்தில் சேர்த்துக்கொண்ட பி.பி.எல். நோயாளியிடம் அந்தச் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது வாங்கிப் புகார் கொடுங்கள். கடைசியாக, பல் பிடுங்கிய பிறகும் 2017 சட்டத்தில் தங்கிய இரண்டு விஷயங்கள்: அவசர நிலையில் வருகிறவரிடம் முன்பணம் கேட்டு சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது, இறந்தவரின் உடலை பில் பாக்கிக்காக எந்தத் தனியார் மருத்துவமனையும் பிடித்து வைக்கக் கூடாது. அந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது.